கிழட்டுக் கப்பலுக்குப் பொன்னாடை

அந்தக் கப்பலில் பெரிய பீரங்கிகள் நான்கு. நான்கும் 30 டிகிரிக்கு மேல் தலை தூக்காது. 1917-இல் அதைக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது; அன்றைக்கு எதிரி கடல்மட்டத்தில்தான் வருவான், அவனைப் பார்த்துச் சுட அந்த 30 டிகிரி தாராளம். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு எதிரே அதன்மேல் பாய்ந்தவை ஜப்பானிய டைவ் பாம்பர்கள். உச்சந்தலைக்கு மேலே வந்து நின்று, செங்குத்தான சரிவில் தலைகுப்புற இறங்கி, குண்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பறந்துவிடுகிற ரகம். காலை 11 மணி அடித்த சில நிமிடங்களில் கப்பல் இரண்டாக முறிந்து கடலுக்குள் போய்விட்டது. பெயர் 'வாம்பயர்'. தண்ணீரில் இறங்கி 25 வருடம் நிறைய ஆறு வாரம் பாக்கி.

பழைய போர்க்கப்பல் ஒன்றின் வரலாறு வேண்டும், இப்போது அதற்கென்று ஒரு வாசகர் கூட்டமே இருக்கிறது என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். கிரேக்கக் கடற்படையின் நாசகாரி ஒன்றை எடுத்துக்கொள் என்பது அவர்கள் யோசனை. ஆரணி சேவூரிலிருந்து வங்காள விரிகுடாவைப் பார்க்கவே இரண்டு பஸ் மாற வேண்டும். ஏஜியன் கடலுக்கு எங்கே போவது? ஆனாலும் படிக்க உட்கார்ந்தேன். கிரேக்கத்தில் தொடங்கியது, தமிழ்க் கரையோரம் வந்து முடிந்தது. நடுவில் எனக்கென்று ஓர் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கட்டுரையில் பாதி அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட சரக்கை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1912 அக்டோபர். பால்கன் போர் மூளப்போகிறது. கிரேக்கத்திடம் நேரமும் இல்லை, தேவையான கப்பலும் இல்லை. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் அர்ஜென்டினாவுக்காகக் கட்டிய நான்கு நாசகாரிகள் விலைக்கு நின்றன. ஒவ்வொன்றும் 1,48,000 பவுண்டு என்று பேசி வாங்கினார்கள். கழுகு, பருந்து, சிங்கம், சிறுத்தை என்று கிரேக்க மொழியில் பெயர் வைத்தார்கள்: ஏட்டோஸ், இயெராக்ஸ், லியோன், பான்திர். அவசரத்தில் டார்பிடோ கிடைக்கவில்லை. டார்பிடோ இல்லாத கப்பலை நாசகாரி என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச காலம் வேவுக்கப்பல் என்றே பதிவேட்டில் ஓட்டினார்கள். முதல் உலகப் போரில் நாடு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்காமல் இழுத்துக்கொண்டிருக்க, 1916-இல் நேச நாடுகள் நான்கையும் பறித்துக்கொண்டன. பிரெஞ்சுக் கொடியில் ஓடிவிட்டு 1918 வாக்கில் வீடு திரும்பின. 1920-களில் ஒரு பெரிய பழுதுபார்ப்பு. அத்தோடு ஓய்வு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அடுத்த உலகப் போர் வந்தபோதும் அதே நான்கும் பணியில் நின்றன.

1941 வசந்தத்தில் ஜெர்மனி கிரேக்கத்தைப் பிடித்தது. சிங்கம் கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் குண்டுபட்டு மூழ்கியது. மற்றவை அலெக்சாண்டிரியாவுக்குத் தப்பின. அங்கே பார்த்தால், 1912-ஆம் வருட எந்திரத்துக்கு உதிரிபாகம் எங்கேயும் இல்லை. அப்படித்தான் அந்தக் கூட்டத்துக் கப்பல்கள் நம் கல்கத்தாவுக்கு வந்து பழுதுபார்த்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் காவலுக்குப் போயின. கிரேக்கர்கள் கோயில் மாதிரி வைத்திருக்கும் அவெரோஃப் என்ற பழைய கவசக் கப்பல்கூட அந்த வருடங்களில் பம்பாயில் தங்கித்தான் வேலை பார்த்தது. அது இன்றும் ஏதென்ஸ் பக்கத்தில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. நாசகாரிகளுக்கு அந்த யோகம் இல்லை.

அந்த 1941 ஏப்ரலில் கிரேக்கக் கரையிலிருந்து சுமார் 50,000 நேச நாட்டுப் படையினரை இரவோடு இரவாக ஏற்றி வந்த கப்பல்களில்தான் வாம்பயரைக் கண்டேன். அதுவும் கிழவிதான். ஆனால் அதன் கதை நம் கடலில் முடிகிறது. பேனாவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

வாம்பயர் பிறந்தது இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில், கௌஸ் என்ற ஊரில். 1916 அக்டோபரில் கட்டத் தொடங்கும்போது 'வாலஸ்' என்று பெயர், 1917-இல் மாற்றிவிட்டார்கள். அந்த வருடம் மே 21-இல் தண்ணீரில் இறங்கி, செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. 312 அடி நீளம், முப்பதடிக்கும் குறைந்த அகலம். மூன்று பாய்லர், 27,000 குதிரைத்திறன், மணிக்கு 34 கடல்மைல் வேகம். வடகடலின் குளிருக்கும் பேரலைக்கும் போட்ட வரைபடம். அன்றைய தேதியில் இதைவிடச் சிறந்த நாசகாரி உலகத்தில் கிடையாது என்று மற்ற கடற்படைகளே ஒப்புக்கொண்ட வகை. அன்றைய தேதியில் என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

1933 அக்டோபரில் இதையும், இதே வயதொத்த ஸ்டூவர்ட், வெண்டெட்டா, வாயேஜர், வாட்டர்ஹென் என்ற நான்கையும் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குத் தள்ளிவிட்டது. பதினைந்து, பதினாறு வயதுக் கப்பல்கள். ஆஸ்திரேலியாவிடம் ஏற்கெனவே இருந்தவை இன்னும் தேய்ந்தவை. அதனால் வந்தவை அங்கே புதுசாகவே தெரிந்தன. மந்தநிலைக் காலம். மாலுமிக்குச் சம்பளம் கொடுக்கவே கை கடித்தது. வாம்பயர் பெரும்பாலும் ரிசர்வில் கட்டிக் கிடந்தது. 1939-இல் போர் வந்ததும் தூசு தட்டி, ஐந்தையும் முதலில் சிங்கப்பூர் பக்கமும், பிறகு மத்தியதரைக் கடலுக்கும் அனுப்பினார்கள். டிசம்பரில் மால்டா போய்ச் சேர்ந்தன.

அங்கேதான் அந்தப் பிரபலமான பட்டப்பெயர். காயலான் கடைச் சரக்கை ஆஸ்திரேலியா போருக்கு அனுப்பியிருக்கிறது என்று ஜெர்மன் பிரசாரம் கேலி செய்தது. மாலுமிகள் கோபித்துக்கொள்ளவில்லை. கேலியையே பதக்கமாகக் குத்திக்கொண்டு, பழைய இரும்புப் படை நாங்கள்தான் என்றார்கள். அந்தப் பெயருக்கு ஆஸ்திரேலியாவில் இன்றும் தனி மரியாதை. புத்தகங்கள், நினைவுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரே ராகம்: வயதானாலும் உழைத்தார்கள், ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

என் எரிச்சல் இந்த ராகத்தில்தான் ஆரம்பித்தது. ஒட்டுப்போட்டு ஓட்டுவது என்றால் என்னவென்று அந்தப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. கொஞ்சம் கீழே இறங்கி எஞ்சின் அறைக்குப் போய்ப் பார்க்கலாம்.

கப்பல் பாய்லருக்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஆகும். நடுக்கடலில் அதற்கு எங்கே போவது? அதனால் டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீராவியை விடாமல் பிடித்து, குளிரவைத்து, தண்ணீராக்கி, மறுபடி பாய்லருக்கே அனுப்புவார்கள். குளிரவைக்கிற இடம் கண்டென்சர். உள்ளே நூற்றுக்கணக்கில் மெல்லிய உலோகக் குழாய்கள். குழாய்க்குள் கடல்நீர் ஓடும், வெளியே நீராவி படியும். வருடம் ஆக ஆகக் குழாய்கள் அரித்து ஊசித்துளை விடும். ஒரே ஒரு குழாய் கசிந்தாலும் உப்பு பாய்லருக்குள் போய்விடும். பாய்லர் நுரைக்கும், குழாய்ச் சுவரில் உப்புப் படியும், அந்த இடம் சூடேறி வெடிக்கும். அதற்குள் எந்தக் குழாய் என்று கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் ஆப்பு அடித்து அடைக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொன்று. அடைத்த குழாய்கள் கூடக் கூட, குளிரும் பரப்பு குறையும், வேகம் குறையும். 34 கடல்மைல் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். இந்த வயதுக் கப்பல்களுக்குக் கண்டென்சர்தான் தீராத வியாதி. கரைக்கு வந்ததும் மற்றக் கப்பல்களின் ஆட்கள் ஊர் சுற்றப் போவார்கள். பழைய இரும்புப் படையின் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுச் சூடு ஆறாத கண்டென்சருக்குள் தலையை விடுவார்கள்.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆப்பை அடித்தவனைப் பாராட்டுகிறவர்கள், குழாயை மாற்றாதவர்களை ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை? இரண்டு போருக்கும் நடுவே 20 வருடம் இருந்தது. விமானம் குண்டு போட்டால் பெரிய கப்பலும் மூழ்கும் என்று 1920-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கர்கள் போட்டுக் காட்டிவிட்டார்கள். பீரங்கிகள் மட்டும் 30 டிகிரியிலேயே நின்றன. உழைப்பாளியின் சாமர்த்தியம் கண்ணுக்குப் பட்டுவிட்டால் போதும், கணக்குப் புத்தகம் மூடிக்கொள்கிறது. சமாளித்துவிட்டார்களே, பிறகென்ன?

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. என்னால் விட முடியவில்லை. 1941 ஏப்ரல் 14 அன்று லிபியாவின் டோப்ரூக் அருகே 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பலின்மேல் குண்டு விழுந்தது. அதிலிருந்த நோயாளிகள் 400-க்கும் மேற்பட்டவர்களையும் மருத்துவர்களையும் செவிலியரையும் தன் தளத்தில் ஏற்றிக் காப்பாற்றியது, வாம்பயரின் கூட்டாளியான வாட்டர்ஹென். எழுந்து நிற்க முடியாதவர்களை ஒரு குறுகிய நாசகாரியின் தளத்துக்கு மாற்றுவது என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டரை மாதம் கழித்து வாட்டர்ஹென்னே குண்டுபட்டு மூழ்கியது; அந்தப் போரில் எதிரியின் தாக்குதலில் ஆஸ்திரேலியக் கடற்படை இழந்த முதல் கப்பல் அது. வீட்டா பிழைத்தது. மராமத்து முடிந்து இலங்கைப் பக்கம் வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மிதந்துகொண்டிருந்த சுமார் 600 பேரை அள்ளிக்கொண்டு கொழும்புக்குப் போனது எந்தக் கப்பல் என்று நினைக்கிறீர்கள்? அதே வீட்டாதான். வாம்பயர் ஆட்களையும் சேர்த்து.

வாம்பயருக்கு வருகிறேன். 1941 நடுவில் அதன் எந்திரங்கள் இனி முடியாது என்று கைவிரித்துவிட்டன. பழுதுபார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். பழுதுபார்த்து முடிந்த நேரம் பார்த்து ஜப்பான் போரில் குதித்தது. டிசம்பர் 8 மாலை 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு மாபெரும் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வடக்கே கிளம்பின. துணைக்கு நான்கே நாசகாரிகள். நான்கில் இரண்டு முதல் உலகப் போர்க் காலத்துப் பழசு: வாம்பயர், டெனடோஸ். டெனடோஸுக்கு எண்ணெய் பற்றவில்லை. மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. விமானத் துணை கிடையாது. டிசம்பர் 10 அன்று மலேயாவின் குவாந்தான் கடலில் இரண்டு பெரிய கப்பல்களும் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. 840 பேர் செத்தார்கள். எண்ணெய் மிதந்த தண்ணீரிலிருந்து வாம்பயர் தூக்கியவர்கள் 225 பேர். கப்பலின் சொந்த ஆட்களைவிட அது அதிகம்.

ஒன்றரை மாதம் கழித்து, ஜனவரி 27 விடியும் முன்பு, மலேயாவின் எண்டாவில் ஜப்பானியப் படை இறங்குவதைத் தடுக்க வாம்பயரையும் 'தானெட்' என்ற 1918-ஆம் வருடக் கப்பலையும் அனுப்பினார்கள். எதிரே ஒரு குரூசரும் அரை டஜன் நவீன நாசகாரிகளும். வாம்பயர் ஏவிய டார்பிடோக்கள் படவில்லை. தானெட் மூழ்கியது. வாம்பயர் புகையைக் கக்கிக்கொண்டு தப்பி வந்தது. போகும்போதே அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டு கிழட்டுக் கப்பலை அந்த இருட்டுக்குள் அனுப்பியதை வீரம் என்று எழுதுகிறார்கள். போனவர்களுக்கு அது வீரம். அனுப்பியதற்கு என்ன பெயர்?

சிங்கப்பூர் விழுந்தது. மிச்சமிருந்தவை இலங்கைக்கு வந்து சேர்ந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பான் தாக்கப்போகிறது என்ற பீதியில் சென்னை காலியான கதை உங்களுக்குத் தெரியும்; நம் பக்கத்து ஊர்களில் அந்த மாதம் திண்ணை திண்ணையாக உறவுக்காரர்கள் வந்து இறங்கியதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். மறுபடி சொல்லவில்லை. அந்தப் பீதிக்குக் காரணமான ஜப்பானியப் படையில் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. ஐந்தும் நான்கு மாதம் முன்பு பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியவை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. துறைமுகத்தில் மூழ்கியவற்றில் ஒன்று, எண்ணெய் பற்றாமல் திரும்பியதால் குவாந்தானில் தப்பிய அதே டெனடோஸ். அன்றே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூசர்களும் போயின.

ஏப்ரல் 8 இரவு, அடுத்தது திருகோணமலைதான் என்று தகவல் வந்ததும் துறைமுகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி தெற்கே கிளம்பியது, காவலுக்கு வாம்பயர். ஹெர்மிஸ் சாதாரணக் கப்பல் அல்ல. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அதுதான், 1918-இல் ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. விமானமில்லாத விமானந்தாங்கிக்கு, பெரிய பீரங்கியை வானத்துக்கு நிமிர்த்த முடியாத நாசகாரி காவல்.

காலையில் திருகோணமலை மேல் குண்டு விழுந்தது. சீனன்குடா எண்ணெய்த் தொட்டி ஒன்றின்மேல் ஜப்பானிய விமானமே விழுந்து, நாள்கணக்கில் எரிந்தது. மட்டக்களப்பு அருகே வந்திருந்த இரு கப்பல்களும் கரையை ஒட்டியே வடக்கே திரும்பச் சொல்லி உத்தரவு. அதற்குள் ஜப்பானிய வேவு விமானம் பார்த்துவிட்டது. விமானந்தாங்கிகளிலிருந்து 85 டைவ் பாம்பர்கள் கிளம்பின. பத்தரை மணிக்குமேல் தொடங்கியது. ஹெர்மிஸின்மேல் விழுந்த குண்டுகள் சுமார் 40. இருபது நிமிடம். 307 பேரோடு போய்விட்டது. உதவிக்குக் கூப்பிட்ட விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தன.

பிறகு வாம்பயரின் முறை. பெரிய பீரங்கி நான்கும் நேர்மேலே நிமிர வழியில்லாமல் நிற்க, சின்னத் துப்பாக்கிகளை வைத்துச் சுட்டார்கள். முதல் குண்டுகளிலேயே கப்பல் நின்றுவிட்டது. நின்ற கப்பலை அடிப்பது பயிற்சி. நடுமுதுகில் முறிந்தது. இறந்தவர்கள் பத்துக்கும் குறைவு. கேப்டன் வில்லியம் மோரன் அவர்களில் ஒருவர். கரை சில மைல்தான். நீந்தியே மட்டக்களப்பு மணலில் ஏறியவர்களும் உண்டு. அதே கடலில் அன்றைக்கே 'ஹோலிஹாக்' என்ற கொர்வெட்டும், எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. ஹெர்மிஸ் இன்றும் கல்லடிக்கு எதிரே சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடல் நீச்சல்காரர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள்.

புதுக் கப்பலாக இருந்தாலும் அந்த 85 விமானத்துக்கு முன்னால் நின்றிருக்குமா, போர்க்காலத்தில் கையில் இருப்பதை வைத்துத்தானே சமாளிக்க முடியும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டார்செட்ஷயரும் கார்ன்வாலும் சில நிமிடங்களில் போனதைக் காட்டுவார்கள். சரி, இருக்கட்டும். நான் ஏப்ரல் 9-ஐப் பற்றிப் பேசவில்லை. அதற்கு முந்தைய இருபது வருடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பழசை ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டுப் பெருமை பேசும் அந்தப் பழக்கம் 1942-இல் மூழ்கவும் இல்லை. மட்டக்களப்பில் போன ஹெர்மிஸின் பெயரை பிரிட்டன் இன்னொரு விமானந்தாங்கிக்கு வைத்தது. 1944-இல் கட்டத் தொடங்கி 1959-இல் பணிக்கு வந்த கப்பல். 1982 ஃபாக்லாந்து போரை நடத்திவிட்டு, பிரிட்டன் போதும் என்று சொன்ன பிறகு, 1987-இல் நம் கடற்படையில் சேர்த்துக்கொண்டோம். அதுதான் ஐ.என்.எஸ். விராட். 2017 மார்ச் 6-இல் ஓய்வு பெறும்போது, உலகிலேயே அதிக காலம் பணியிலிருந்த விமானந்தாங்கி என்று சாதனைப் புத்தகத்தில் இடம். தொலைக்காட்சியில் அன்று முழுக்க பிரியாவிடை. உலகிலேயே மிகப் பழசு நம்மிடம்தான் இருக்கிறது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தியா என்று ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மிக் 21 விமானம் 1963-இல் வந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தோம். 62 வருடம். தண்ணீர் பீய்ச்சி மரியாதை, கண்ணீர், கவிதை. அந்த விமானத்தோடு விழுந்து மடிந்த இளம் விமானிகளின் குடும்பங்கள் அன்று எந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தன?

இதெல்லாம் சேவூரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் இந்தக் கதை தினமும் நடக்கிறது.

தெருக்கோடியில் அறுபது தாண்டிய நெசவாளர் ஒருவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தறியின் ஜக்கார்டு பெட்டி அவருடைய அப்பா காலத்தது. ஒரு பக்கத்துச் சட்டம் விட்டுப்போய், சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறார். பெட்டிக்குள் இருக்கும் கொக்கிகளில் சில மழுங்கிவிட்டன. அட்டையில் ஓட்டை சரியாக இருந்தாலும் கொக்கி வழுக்கி இழையைத் தூக்காது. பாவில் இழை தூக்காமல் போனால் ஊடை தப்பாக விழும். மயிலுக்கு ஒரு வரிசையில் கழுத்து இருக்காது. அதைக் கண்ணால் பார்த்து, மிதியை நிறுத்தி, குழிக்குள்ளிருந்து எழுந்து கையை நீட்டி, அந்த இழையைத் தூக்கிப் பிடித்து, நாடாவை விட வேண்டும். ஒரு புடவைக்கு எத்தனை முறை என்று அவரே எண்ணுவதை விட்டுவிட்டார். கண் தப்பினால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். முதலாளியைச் சொல்லியும் பயனில்லை. கழுத்தில்லாத மயிலைக் கடைக்காரர் வாங்க மாட்டார்.

நூற்றுக்கு நூறு அதே ஆப்பு. அதே கண்டென்சர்.

வருடா வருடம் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-இலிருந்து கொண்டாடுகிறோம், முதல் விழாவே சென்னையில்தான் நடந்தது. மேடை போட்டு, பாரம்பரியத்தைக் காக்கும் கைகள் என்று பேசி, மூத்த நெசவாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். போன தடவை ஒரு விழாவில் அண்ணாவுக்கும் போட்டார்கள். மேடையை விட்டு இறங்கி வந்ததும் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். "பாலியஸ்டர் தம்பி. பவர்லூம். ஓரத்துல பிசிறுகூட வெட்டல" என்றார். தொழில்காரர், பிசிறுதான் அவருக்கு முதலில் கண்ணில் பட்டது.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருக்கிறார்கள். அட்டை கிடையாது, டிசைனைப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் போதும், கொக்கி தப்பாது. அந்த வீட்டுப் பையன் நெசவுக்கே வந்திருக்க மாட்டான், அந்தப் பெட்டி வந்ததால் வந்தான். அண்ணாவின் இரண்டு பையன்களும் சென்னைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். எழுந்து எழுந்து இழை தூக்க அவர்களுக்குத் தலையெழுத்தா?

போரும் பட்டும் சம்பந்தமில்லாதவை என்று நினைக்க வேண்டாம், போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானோடு போர் வந்ததும் ஜப்பான் பட்டு வருவது நின்றது. மைசூர்ப் பக்கத்துப் பட்டு பாராசூட்டுக்குப் போனது. தறிக்காரனுக்கு நூல் தட்டுப்பாடு. அதையும் சமாளித்தார்கள். சமாளித்ததை இன்றைக்கும் விழா மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம்.

இந்தக் கட்டுரைக்காகக் கப்பல் படங்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை அண்ணாவின் தறியருகே உட்கார்ந்திருந்தேன். வாம்பயர் கதையை முழுக்கக் கேட்டார். பீரங்கி நிமிராத இடத்தில், "அட்டை சரியா இருந்து கொக்கி வழுக்கினா மாதிரி" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆஸ்திரேலியாக்காரர்கள் பிறகு இன்னொரு நாசகாரிக்கும் வாம்பயர் என்றே பெயர் வைத்து, அதற்கு வயதானதும் சிட்னியில் காட்சிக்கு நிறுத்திவிட்டார்கள் என்றேன். டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். தெரியவில்லை.

"நம்ம விராட் இன்னா ஆச்சு?"

"குஜராத்துல அலங்னு ஒரு ஊர் அண்ணா. 2020-ல கரையேத்தி உடைச்சாங்க. ஏலம் 38 கோடியே 54 லட்சத்துக்குப் போச்சு."

"எடை?"

"முழுச் சுமையோட 28,000 டன்னுக்கு மேல."

நாடாவைக் கீழே வைத்துவிட்டு விரலில் கணக்குப் போட்டார். கிலோவுக்குப் பதினாலு ரூபாய்கூட வரவில்லை.

"ஆரணி காயலான் கடையில இதைவிட நல்ல ரேட் கொடுப்பான் தம்பி" என்றார்.